கன்றுக்குட்டி கட்டிய எல்லைக்கல்

"அண்ணி, ஃபோன் பொய் சொல்லுதா, இல்ல கல்லு பொய் சொல்லுதா?"

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற நாத்தனாருக்கு மெதுவாகப் பேச வராது. அவள் வாயைத் திறந்தாலே எதிரில் வரும் வண்டிகள் ஒதுங்கி வழி விடும் என்று அவளுடைய அண்ணனே கேலி செய்வான். வீட்டிலும் வேலையிலும் அவளுக்கு சைரன் என்றுதான் பெயர்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்க எதிரே உட்காருகிறவர்களிடம் 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்டுக் கேட்டு, எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பாத பழக்கம் வந்துவிட்டது. கையில் இருந்த ஃபோனைப் பார்த்தாள். எதிரே இருந்த கல்லைப் பார்த்தாள். மறுபடி ஃபோனைப் பார்த்தாள்.

கல் ஒரு வீட்டு வாசலில் நின்றது. அதில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். ஃபோனோ, இன்னும் போ, வீட்டைத் தாண்டிப் பின்பக்கம் போ என்றது.

மூன்று மாநிலங்களின் எல்லை ஒன்றாக வந்து முட்டும் இடத்தைத் தேடிப் போவதுதான் இந்த இருவருக்கும் பைத்தியம். 'முச்சந்தி வேட்டை' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஆரம்பித்து வைத்தது சைரன். ஒரு நோயாளியைப் பக்கத்து மாநிலத்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கறுப்பாக இருந்த சாலை ஒரே கோட்டில் சாம்பல் நிறமாக மாறியதைப் பார்த்தாள். அங்கே பஞ்சர் ஒட்டுகிறவரிடம் விசாரித்தாள். "இதுதாம்மா எல்லை. இப்படியே காட்டுக்குள்ள போனா மூணாவது மாநிலமும் வந்து சேருது" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னாள். யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. அண்ணி மட்டும், "சேர்ற இடத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டாள்.

அடுத்த விடுமுறைக்கு இருவரும் போய்ப் பார்த்தார்கள். ஒரு கல் இருந்தது. அதைச் சுற்றி எறும்புகள் இருந்தன. வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த எறும்புகள் கல்லை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று மாநிலங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. அதை வேடிக்கை பார்த்தபடி பொழுது சாயும் வரை உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு விடவில்லை. ஒரு முச்சந்தி ஏரி நடுவில் இருந்தது. படகை இரவல் வாங்கிப் போய் இருவரும் தண்ணீருக்குள் கை விட்டுத் திரும்பினார்கள். இன்னொன்று சிமென்ட் கிடங்கின் பின்சுவரை ஒட்டி இருந்தது. காவலாளி இவர்களைத் திருடிகள் என்று நினைத்து விரட்டினார். இப்படி நாட்டில் இருக்கிற எல்லாவற்றையும் தொட்டாகிவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். மலைமேல் ஆளரவம் இல்லாத இடம். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து காலை முழுக்க நடை. வழி நெடுக மின்கம்பங்கள் கூடவே வந்தன. இந்த வீடு கண்ணில் படுகிற தூரத்தில் சட்டென்று நின்றுவிட்டன. கடைசிக் கம்பத்துக்கு அப்பால் கம்பி இல்லை.

"கரண்ட் ஆபீஸா?"

வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா ஓடி வந்தாள். சேலைத் தலைப்பில் தவிட்டுத் தூசி. முகத்தில் அப்படியொரு எதிர்பார்ப்பு.

"இல்லீங்க. நாங்க சும்மா இந்தக் கல்லைப் பார்க்க வந்தோம்" என்றாள் அண்ணி.

அந்த அம்மாவின் முகம் அணைந்துவிட்டது. "கல்லைப் பார்க்கவா? இதைப் பார்க்கறதுக்கும் ஆளு இருக்கா? என் குடியைக் கெடுத்த கல்லு இது. நல்லா பாருங்க."

சைரனுக்குக் காது நீண்டுவிட்டது. "குடியைக் கெடுத்துச்சா? எப்படிக்கா?"

"உள்ள வாங்க, காட்டுறேன்."

கோழிக்குஞ்சு பொரித்து விற்பதுதான் அந்த அம்மாவின் தொழில். கோழிக்காரம்மா என்றுதான் மலைக்குக் கீழே வரை அவளைத் தெரியும். உள்ளறையில் மரப்பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணெண்ணெய் விளக்கு. அறை முழுக்கப் புகை நாற்றம். சூடு கொஞ்சம் ஏறினாலும் போச்சு, இறங்கினாலும் போச்சு. மூலையில் என்னவோ ஒன்று போர்வை போர்த்தி நின்றது. கோழிக்காரம்மா போர்வையை விலக்கினாள். பளபளவென்று புது இன்குபேட்டர்.

"கரண்ட் வந்துடும்னு நம்பி வாங்கினேன். இது ஓடுனா எல்லா முட்டையும் பொரியும். இப்போ பாதி கூமுட்டையாப் போகுது. ராத்திரி எத்தனை தடவை எழுந்து திரியைத் தூண்டுறேன் தெரியுமா? நான் அடைகாக்குற மாதிரி எந்தக் கோழியும் அடைகாத்ததில்ல."

"கம்பம்தான் அங்கேயே நிக்குதே?"

"அதான் வயித்தெரிச்சல். கம்பம் வடக்கு மாநிலத்துது. ஆபீசர் வந்தாரு, வாசல்ல கல்லைப் பார்த்தாரு. 'கல்லோட எங்க மாநிலம் முடிஞ்சுது. உங்க வீடு அதுக்கு அந்தப் பக்கம் இருக்கு'ன்னுட்டாரு. கிழக்கு மாநிலத்துல கேட்டா மேற்குன்றான். மேற்குல கேட்டா கிழக்குன்றான். ஓட்டுக் கேட்க மட்டும் மூணு பேரும் வந்துடறான். இந்தத் தடவை இன்குபேட்டர் ஓடலைன்னா தொழிலை விட்டுட்டு இவரை இழுத்துக்கிட்டு மலையிறங்க வேண்டியதுதான்."

'இவர்' என்றபோது இன்னொரு மூலையில் தீவனம் கலந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் தலையை இன்னும் குனிந்துகொண்டார். வாயில்லாப் பூச்சி போலிருந்தது.

வெளியே வந்து அண்ணி வேலையை ஆரம்பித்தாள். இவர்களைப் போன்ற பைத்தியங்கள் இன்னும் சில பேர் இணையத்தில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். கல்லின் மூன்று முகங்களையும் படம் எடுத்துப் போட வேண்டும். அதுதான் குழுவின் சட்டம். கன்றுக்குட்டியைச் சைரன் பிடித்துக்கொண்டாள். அண்ணி கல்லைச் சுற்றி வந்தாள்.

ஒரு சுற்று முடிந்து நின்றாள். மறுபடியும் சுற்றினாள்.

"என்ன அண்ணி, பிரதட்சணமா?"

"ஏய், இங்க வா. ஒவ்வொரு முகத்துலயும் ஒரு எழுத்து இருக்குல்ல? வ, கி, மே. 'வ' எந்தப் பக்கம் பார்க்கணும்?"

"வடக்கு மாநிலத்தை."

"இங்க எந்தப் பக்கம் பார்க்குது?"

சைரன் கம்பத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். "வீட்டைப் பார்க்குது. தெற்கால. நட்டவன் தூக்கக் கலக்கத்துல நட்டிருப்பான் அண்ணி."

"மூணு மாநிலத்து ஆளும் பக்கத்துல நின்னு நட்டிருப்பாங்க. மூணு பேருக்குமா தூக்கக் கலக்கம்?"

சைரனின் கண்கள் விரிந்தன. "அப்படின்னா ஃபோன் சொன்னது..."

"பழைய நில அளவைப் படத்துல இருக்கிற இடத்தைத்தான் ஃபோன்ல ஏத்தி வெச்சிருக்கேன். அது வீட்டுக்குப் பின்னாடி காட்டுது. கல்லு வீட்டுக்கு முன்னாடி நிக்குது. அக்கா, ஒரு கடப்பாரை கிடைக்குமா?"

எல்லைக்கல் நடும்போது குழியில் முதலில் கரியும் உடைந்த கண்ணாடியும் கொட்டி, அதன்மேல்தான் கல்லை நிறுத்துவார்கள். பழைய அளவைக்காரர்களின் வழக்கம் அது. கல்லை எவனாவது பிடுங்கிக்கொண்டு போனாலும் கரி மக்காது, கண்ணாடி மக்காது. தோண்டிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். முச்சந்தி வேட்டைக்காரர்களுக்கு இது அரிச்சுவடி. கோழிக்காரம்மாவுக்கு இதைச் சொன்னதும், அண்ணி கேட்ட கடப்பாரையோடு மண்வெட்டியும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்காரர் மட்டும், "எதுக்குங்க வீண் வேலை? வெயில் ஏறுதே" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கல்லின் ஒரு பக்கமாகத் தோண்டினார்கள். மண் வந்தது. கூழாங்கல் வந்தது. கல்லின் அடிவரைக்கும் போய்விட்டார்கள். கரி இல்லை, கண்ணாடி இல்லை. கடைசியில் மண்வெட்டியில் சிவப்பாக ஏதோ மாட்டியது. சைரன் துடைத்துப் பார்த்தாள். பாதியாக உடைந்த பிளாஸ்டிக் சீப்பு.

"அண்ணி, இந்தக் கல்லு நட்ட காலத்துல பிளாஸ்டிக் ஏது?"

"அதேதான்" என்று அண்ணி சொல்வதற்குள், கோழிக்காரம்மா அந்தச் சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் குரல் மாறிவிட்டது.

"இது என் சீப்பு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கல்யாணத்துக்கு எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. இந்தப் பூ வேலைப்பாட்டை எங்க பார்த்தாலும் தெரியும். கல்யாணமான புதுசுல காணாமப் போச்சு. வீட்டையே தலைகீழாப் புரட்டினேன். இவரும் கூடவே கட்டில் கீழ எல்லாம் குனிஞ்சு தேடினாரு." கோழிக்காரம்மா மெல்லத் திரும்பினாள். "ஏங்க, இங்க வாங்க."

வீட்டுக்காரர் கன்றுக்குட்டியின் பின்னால் நின்றிருந்தார். கன்றுக்குட்டி அவரை மறைக்கப் போதவில்லை.

"உட்கார்ந்துட்டேன் தெரியாம. உடைஞ்சுடுச்சு. நீ அழுவியேன்னு..."

"அழுவேன்னு குழிக்குள்ள போட்டீங்களா? குழி எங்கிருந்து வந்துச்சு?"

அவர் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

"குழி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டேன்."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் கோழிக்கொட்டகை போடப் போன இடத்தில் கல் நடுவில் நின்றதாம். எல்லைக்கல்லைத் தூக்கி எறிந்தால் குற்றமாயிற்றே என்று பயம். அதனால் பத்திரமாக இருக்கட்டும் என்று வாசலில் கொண்டுவந்து நட்டாராம். மனைவி வந்த புதுசு, எந்தக் கல் எங்கே நின்றது என்று அவளுக்குத் தெரியாது. நட்ட கல் சும்மா நிற்பானேன், கன்றுக்குட்டி கட்ட ஆகுமே என்று அதில் முளைக்குச்சி வேலையும் வாங்கியிருக்கிறார். பல வருஷம் கழித்து மின்சார ஆபீசர் வந்து கல்லைக் காட்டி கைவிரித்தபோதுதான், தான் செய்த காரியம் அவருக்கே உறைத்திருக்கிறது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தியவள் சைரன்தான். தூரத்தில் ஏதோ பறவைகள் பறந்தன.

"எப்படிங்க சொல்றது? எல்லைக்கல்லைப் பிடுங்குனா ஜெயில்னு சொல்றாங்க."

"ஜெயில்ல கரண்ட் இருக்கும். போய் இருங்க" என்றாள் கோழிக்காரம்மா. பிறகு கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். "கல்லைக்கூட மன்னிப்பேன். என்கூடச் சேர்ந்து தேடினீங்களே, அதை மன்னிக்க மாட்டேன்."

அண்ணி இடையில் புகுந்தாள். "அக்கா, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். இவர் சொல்றதை ஆபீஸ்ல நம்ப மாட்டாங்க. கரண்டுக்காகக் கதை கட்டறார்ம்பாங்க. பழைய இடத்துல கரி இருந்தாத்தான் ஆச்சு. கல்லைப் பிடுங்கும்போது கரியைப் பார்த்தீங்களா?"

"இருட்டுல பிடுங்கினேங்க. ஒண்ணும் பார்க்கல."

"கோழி கிளறிக் கலைச்சிருந்தா?" என்றாள் சைரன்.

கோழிகளை வெளியே விரட்டினார்கள். கொட்டகைக்குள் வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்தது. வீட்டுக்காரர் ஓர் இடத்தைக் காட்டினார். பிறகு, இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி என்றார். அண்ணி ஃபோனை ஏந்திக்கொண்டு நின்று, அவர் காட்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவே காலால் ஒரு வட்டம் போட்டாள்.

மேல் மண் முழுக்கக் கோழி எச்சமும் இறகும். அதற்குக் கீழே இறுகிய மண். சைரன் கடப்பாரை போட்டாள், வீட்டுக்காரர் அள்ளினார். கோழிக்காரம்மா கொட்டகை வாசலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் ஆழம் போயிற்று. ஒன்றும் இல்லை. சைரனின் வாய்கூட அடங்கிவிட்டது.

"பரவாயில்லம்மா. விடுங்க. நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான்" என்று கோழிக்காரம்மா எழுந்தாள்.

"இருங்க" என்றாள் அண்ணி. குழிக்குள் இறங்கி முட்டி போட்டாள். பக்கவாட்டு மண்ணில் ஒரு மூலை மட்டும் நிறம் வேறாக இருப்பது அவள் கண்ணுக்குப் பட்டிருந்தது. விரலால் சுரண்டினாள். விரல் நுனி கறுத்தது. இன்னும் சுரண்டினாள். கரிக்கு நடுவே ஏதோ பச்சையாக மினுக்கியது. புட்டிக் கண்ணாடி.

சைரன் போட்ட கூச்சலில் வெளியே நின்ற கோழிகள் எல்லாம் வீட்டுக்குள் ஓடிவிட்டன. அவள் அள்ளிப் பார்க்கக் கையை நீட்டினாள். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதே! எடுத்தா இது வெறும் கரி. அது கிடக்கிற இடத்துல கிடந்தாத்தான் சாட்சி. ஒரு விரல் வெச்சுட்டு எழுந்திரு."

இருவரும் ஆளுக்கு ஒரு விரலை வைத்தார்கள். நாட்டின் கடைசி முச்சந்தி. கோழிக்காரம்மாவும் இறங்கி வந்து, நெருப்பைத் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ என் வீடு?"

அண்ணி வாசல் பக்கம் திரும்பி நின்று கையை நீட்டினாள். "இதுக்கு வடக்கால இருக்கிற எல்லாம் வடக்கு மாநிலம். உங்க அடுப்படி, உள்ளறை, இன்குபேட்டர், கன்னுக்குட்டி, எல்லாம்."

"ஆனா ஆபீசுக்குச் சொன்னா இவரை..." என்று இழுத்தாள் கோழிக்காரம்மா. வீட்டுக்காரரைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் ஜெயிலுக்கு அனுப்பியவள், இப்போது தயங்கினாள்.

அவர்தான் முடிவு செய்தார். "நானே போய்ச் சொல்றேன். முட்டையை எல்லாம் கூமுட்டையாக்கின கூமுட்டை நான்தான்." மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்று மாநிலங்களுக்கும் எழுதி, மூன்றும் ஒன்றையொன்று விசாரித்து, ஒருவழியாக மூன்று நில அளவை அதிகாரிகளும் ஒரே நாளில் மலையேறி வந்தார்கள். வடக்கிலிருந்து மின்சார ஆபீசரும் கூட வந்தார். வேடிக்கை பார்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணியும் சைரனும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

குழியை மூடி வைத்திருந்த தகரத்தை விலக்கினார்கள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். அவரவர் படத்தை விரித்து அளந்தார்கள். கரியையும் கண்ணாடியையும் பார்த்துத் தலையசைத்தார்கள். வாசல் கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, 'வ' கம்பத்தைப் பார்க்கும்படி நிறுத்தினார்கள். "வீடு எங்களுதுதான். கம்பி இழுக்க ஆள் அனுப்பறேன். ஒரு மாசம் ஆகும்" என்றார் மின்சார ஆபீசர். கோழிக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் வடக்கு அதிகாரிக்கு அது ஞாபகம் வந்தது. "ஆமா, கல்லைப் பிடுங்கினது யாரு?"

வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "நான்தாங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். எழுதப் போனவர் நிறுத்தினார். "இந்தக் கல் மூணு மாநிலத்துக்கும் பொது. நான் மட்டும் எப்படி நடவடிக்கை எடுக்கறது? பிடுங்கும்போது எந்தப் பக்கம் நின்னீங்க?"

"சுத்திச் சுத்தி நின்னேங்க. கல்லு அசையவே இல்லை."

கிழக்கு அதிகாரி யோசித்தார். "கடைசியா, வெளிய வந்தப்போ எந்தப் பக்கம்?"

"கல்லு வந்ததும் மல்லாக்க விழுந்துட்டேங்க."

"எந்தப் பக்கம் விழுந்தீங்க?" என்று மேற்கு அதிகாரி அக்கறையாகக் கேட்டார்.

"இடுப்பு அந்தப் பக்கம், தலை இந்தப் பக்கம்னு நினைக்கிறேன். இருட்டுங்க."

மூன்று அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்குப் போட வேண்டுமானால் மற்ற இரண்டு மாநிலங்களின் சம்மதம் வேண்டும். அதற்கு மறுபடி எழுத வேண்டும். மறுபடி இந்த மலை ஏற வேண்டும். வடக்கு அதிகாரி பேனாவை மூடினார். கிழக்கு அதிகாரி, "நட்டது தப்பில்ல, பாதுகாப்பா வெச்சிருக்கார்" என்றார். மேற்கு அதிகாரி ஏற்கனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ இவரை விட்டாச்சா?" என்று கேட்டாள் கோழிக்காரம்மா.

"எங்க யாருக்கும் அதிகாரம் இல்லம்மா."

"சரிங்க சார். எனக்கு இருக்கு." கோழிக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, கம்பி வர்ற வரைக்கும் ராத்திரி திரி தூண்டுறது உங்க வேலை. எல்லாப் பெட்டிக்கும். ஒரு முட்டை கெட்டாலும் அடுத்த ஈடு முட்டைக்கும் நீங்கதான். நான் படுத்துத் தூங்கப்போறேன்."

வீட்டுக்காரர் மலையிறங்கத் திரும்பிய மூன்று அதிகாரிகளையும் பார்த்தார்.

"சார், மூணு பேர்ல யாராவது ஒருத்தர் வழக்குப் போட்டுடுங்களேன்."